புனிதருக்கு ஊற்றிய கரும்புச் சாராயம்

பிரேசிலுக்குப் போவதற்கு எனக்கு ஒரு பெட்டி தேவைப்பட்டது. வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டு அலமாரிக்கு மேலே நல்ல நீலப் பெட்டி ஒன்று இருக்கிறது. ஆனால் அதை எடுக்க முடியாது. அதற்குள் என் மனைவி வத்சலாவின் சீலைகள் பத்து மாதமாக அடுக்கியபடி இருக்கின்றன. நான் மறுபடியும் குடித்தேன் என்று தெரிந்தால் அவள் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெஹிவளையில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் போய்விடுவாள். ரயிலில் ஒரு ஸ்டேஷன் தூரம்தான். ஆனால் வத்சலா போனால் போனதுதான்.

பத்து மாதத்துக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து வழக்கம்போலச் சாராயம் குடித்துவிட்டு வந்தவன், கடற்காற்று சுகமாக இருக்கிறது என்று ரயில்பாதையில் சாய்ந்துவிட்டேன். தலைக்குத் தண்டவாளம். வத்சலாவும் கீழ்வீட்டுக்காரரும் வந்து காலைப் பிடித்து இழுத்தெடுத்தார்கள். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. மறுநாள் காலை பெட்டியை அடுக்கி அலமாரிக்கு மேலே வைத்தாள். "இனி ஒருக்கால் நடந்தா நான் தேட வரமாட்டன்" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. நானும் ஒரு சொட்டுத் தொடவில்லை.

எனவே பெட்டியை முதலாளி அலோசியஸிடம் இரவல் வாங்கினேன். கொட்டாஞ்சேனையில் அவருக்கு ஒரு பட்டறை இருக்கிறது. கரும்பு பிழியும் இயந்திரங்களைத் திருத்துவதும் பழையதை வாங்கிப் புதிதாக்கி விற்பதும் தொழில். நான் அங்கே இருபது வருடமாக மெக்கானிக். பிரேசிலில் நல்ல பழைய இயந்திரம் ஒன்று விலைக்கு வருகிறது என்று அறிந்து என்னை அனுப்பினார்.

"சிவம், ரோலரத் தட்டிப் பாரு. சத்தம் சரியா இருந்தா மட்டும் ஓம்னு சொல்லு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ஊர்ல கரும்புச் சாராயம் தண்ணி மாதிரியாம். கவனம் ராசா" என்றார்.

இவரோடுதான் இருபது வருடமும் வெள்ளிக்கிழமைகளில் குடித்தேன். வேதக்காரர், அந்தோனியார் பக்தர். முதல் கிளாஸில் விரலை நனைத்து, ஒரு துளியை நிலத்தில் சுண்டி, "அந்தோனியாருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் வாயில் வைப்பார். சைவக்காரனான நானும் பார்த்துப் பார்த்து அதையே செய்யப் பழகியிருந்தேன். கொடுப்பதைக் கொடுத்துவிட்டால் பிறகு குடிப்பது பாவமில்லை என்று ஒரு கணக்கு.

வத்சலா புறக்கோட்டைக்குப் போய் எனக்கு ஒரு சோடி மண்ணிறத் தோல் சப்பாத்து வாங்கிவந்தாள். "வெளிநாட்டுக்குச் செருப்போடயே போறது?" என்று கேட்டாள். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போய்ச் சேர்ந்த இடம் சாவோ பாவ்லோ நகரத்திலிருந்து பல மணிநேரம் உள்ளே இருக்கும் ஒரு சிறிய ஊர். வழி முழுவதும் கரும்பு. வலப்பக்கம் பார்த்தாலும் இடப்பக்கம் பார்த்தாலும் கரும்பு. இரண்டு மணிநேரத்துக்குப் பிறகு நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். நாலைந்து பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொழுவிய கரும்பு லொறிகள் எதிரே வரும்போது எங்கள் கார் ஒருமுறை நடுங்கும்.

காரை ஓட்டியவர் வால்திர். பழைய இயந்திரத் தரகர், ஐம்பது வயது, வயிறு முன்னாலும் சிரிப்பு அதற்கும் முன்னாலும் போகும் மனிதர். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்குப் போர்த்துக்கேயம் வராது. அவர் கைபேசியிடம் சொல்வார், அது ஆங்கிலத்தில் என்னிடம் சொல்லும். என் பட்டறை ஆங்கிலத்துக்கு அது போதும்.

பெற்றோல் ஷெட்டில் நிறுத்தியபோது அவர் பெற்றோல் அடிக்கவில்லை. பக்கத்துக் குழாயில் கரும்பில் வடித்த எரிசாராயம் அடித்தார். இங்கே கார்களும் அதில்தான் ஓடுகின்றனவாம். எரிபொருளுக்காக மூன்று நாள் வரிசையில் நின்று, கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்துக்குக் கப்பல் எண்ணெய் வந்துவிட்டதா என்று ஆளை ஆள் கேட்டுக்கொண்டிருந்த கொழும்புக்காரன் நான். கரும்பைப் பிழிந்து காருக்கு ஊற்றுகிற தேசத்தைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.

மறுநாள் காலை அந்தப் பொறாமை தணிந்தது. ஜூலை மாதம் அங்கே குளிர்காலம். மூச்சு புகையாக வந்தது. கார் ஸ்டார்ட் ஆகவில்லை. குளிரில் இந்தச் சாராயம் சட்டென்று பற்றாது. அதற்காக இந்தப் பழைய கார்களில் பெற்றோல் வைக்க ஒரு சின்னத் தாங்கி உண்டு. வால்திர் அதை நிரப்ப மறந்துவிட்டார். நானும் அவரும் தெருக்கோடி வரை தள்ளினோம். "என் மைத்துனனும் இப்படித்தான். இரவெல்லாம் குடிப்பான், காலையில் எழும்ப மாட்டான்" என்றது கைபேசி, அவருக்குப் பதிலாக.

தெருக்கோடியில் ஒரு கடை. அதற்கு முன்னால் கார் நின்றது தற்செயல் என்று வால்திர் சத்தியம் செய்தார். பாதி பலசரக்கு, பாதி சாராயக் கடை. காலை ஏழு மணி. எங்கள் ஊரில் கம்பி வலைக்குப் பின்னால், கடை பூட்டும் போயா தினம் பார்த்து, மூஞ்சியை மறைத்துக்கொண்டு வாங்குகிற சாமானை, இங்கே ரப்பர் செருப்புப் போட்டவர்கள் கோப்பியோடு சேர்த்துக் கேட்கிறார்கள். கோப்பியைவிட இது மலிவு.

இதன் பெயர் கஷாசா. கடையில் அந்தப் பெயரைச் சொல்வார் இல்லை. பிங்கா என்பார்கள், "குருவி குடிக்காத தண்ணீர்" என்பார்கள், இன்னும் எத்தனையோ செல்லப் பெயர்கள். அலமாரியில் வரிசையாகப் போத்தல்கள். ஒன்றில் வேர், ஒன்றில் மரப்பட்டை, ஒன்றில் ஒரு முழு நண்டு. இருமலுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என்று கடைக்காரர் விளக்கினார். எங்கள் ஆட்களும் மருந்துக்குத்தான் என்று சொல்லித்தான் தொடங்குவார்கள்.

குடிக்கும் விதம் எனக்குப் புதிது. அடி தடித்த சின்னக் கிளாஸ். விளிம்புக்கு மேலே புடைத்து நிற்கும்வரை ஊற்றுகிறார்கள். சோடா இல்லை, ஐஸ் இல்லை. ஒரே வீச்சு, ஒரு கண்ணை மூடல், காதுச் சோணையைப் பிடித்து ஒரு இழுப்பு. காதை இழுத்தால் சரக்கு நன்று என்று பொருளாம். பிறகு அந்த ஆள் வேலைக்குப் போய்விடுகிறார். கொட்டாஞ்சேனையில் ஒரு அரைப் போத்தலுக்குக் கடலை வேண்டும், வடை வேண்டும், இரண்டு மணிநேர அரசியல் வேண்டும். இங்கே மாத்திரை விழுங்கும் நேரத்தில் காரியம் முடிகிறது.

எனக்கும் ஒன்று ஊற்றினார்கள். மூக்கில் ஏறிய வாசனை பச்சைக் கரும்பும் எரிந்த சீனியும் கலந்தது. வாய் ஊறியது. அதை மறைப்பதில் பயனில்லை. பத்து மாதமும் அந்த ஒரு நொடிக்காகவே காத்திருந்ததுபோல நாக்கு எழுந்து உட்கார்ந்தது.

அப்போது பக்கத்தில் நின்றவர் தன் கிளாஸிலிருந்து ஒரு வாய் அளவு நிலத்தில் ஊற்றினார். "புனிதருக்கு" என்றது கைபேசி. நிமிர்ந்து பார்த்தேன். கடைக்காரரின் தலைக்கு மேலே சிவப்பு பல்ப் வெளிச்சத்தில், கையில் குழந்தையோடு, கொட்டாஞ்சேனையில் பார்த்த அதே அந்தோனியார்.

நான் என் கிளாஸைச் சரித்தேன். முழுவதையும் ஊற்றிவிட்டேன்.

"எல்லாமா?" என்று கேட்டார் வால்திர்.

"எங்கள் ஊர் அந்தோனியார் கொஞ்சத்தோடு விடமாட்டார்" என்றேன். கைபேசி அதை என்னவென்று மொழிபெயர்த்ததோ தெரியாது, இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து நான் பக்திமான். காலையும் மாலையும் கடை. காலையும் மாலையும் புனிதருக்கு முழுக் கிளாஸ். மூன்றாம் நாள் ஒருவர் வந்து தன் முழங்கால் வலிக்காகவும் ஒன்று ஊற்றச் சொல்லிக் கிளாஸை நீட்டினார். இன்னொருவரின் மகளுக்குப் பிரசவ நேரம், அதற்கும் ஊற்றினேன். மறுநாள் ஆண் குழந்தை பிறந்துவிட்டது. அதோடு கடையில் எனக்குத் தனிக் கதிரை போட்டார்கள். கடைக்காரர் ஒருவருக்குத்தான் கோபம். "இந்த ஆளின் புனிதர் என் கடையைக் குளமாக்குகிறார்" என்று முணுமுணுத்துக்கொண்டு மரத்தூளைத் தூவிக் கூட்டினார்.

சாப்பாட்டில் குறை இல்லை. சோறும் கறுப்பு அவரை விதைக் குழம்பும் தினமும் உண்டு. மரவள்ளி மாவை வறுத்துச் சோற்றின் மேல் தூவுகிறார்கள். தேங்காய்ப்பூ போட மறந்த புட்டுப்போல இருந்தது. சந்தையில் பற்றீஸ்போல ஒன்றைத் தோசைக்கல் அகலத்துக்குப் பொரித்துக் கரும்புச் சாற்றோடு தருகிறார்கள். உறைப்புத்தான் இல்லை. ஒரு மிளகாய் கேட்டால் ஊரே எட்டிப் பார்க்கிறது.

ஐந்தாம் நாள் இயந்திரத்தைப் பார்க்கப் போனோம். மலைச் சரிவில் ஒரு தோட்டம். சொந்தக்காரி பெயர் சீதா. எங்கள் ஊர்ப் பெயராகவே இருந்ததால் எனக்கு ஞாபகம் வைக்கச் சிரமமில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும், இரண்டு முன்னங்கைகளிலும் ஆவி சுட்ட தழும்புகள். சொந்தமாகக் கரும்பு நட்டு, செப்புக் கலத்தில் கஷாசா காய்ச்சி, ஊர்க் கடைகளுக்கு விற்கிறாள். பெரிய இயந்திரம் வாங்கிவிட்டதால் சின்னதை விற்கிறாள்.

நான் ஸ்பேனரால் ரோலர்களைத் தட்டினேன். சத்தம் கோயில் மணிக்கு அடுத்தபடியாக இருந்தது. ஐந்து கரும்பை ஒன்றாகச் செருகினேன்; சக்கை கையில் பொடியாகும் அளவுக்குக் காய்ந்து வந்தது. முதலாளியின் காசு வீண்போகாது என்று நினைத்து ஓம் சொன்னேன்.

பேரம் முடிந்தால் ஒரு கிளாஸ் வேண்டும். சீதா ஊற்றித் தந்தாள். வால்திர் என் பக்தியை முன்கூட்டியே விளம்பரம் செய்திருந்தார். நான் கண்ணை மூடி, அந்தோனியாரை அழைத்து, கிளாஸைச் சரித்தேன். கண்ணைத் திறந்தபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சப்பாத்து" என்றாள்.

அவர்கள் மொழியிலும் அது ஏறக்குறைய அதே சொல்தான். எங்கள் நாட்டை விட்டுப் போன போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சாமான்களில் ஒன்று. கைபேசி தேவைப்படவில்லை. குனிந்து பார்த்தேன். வத்சலா வாங்கித் தந்த மண்ணிறத் தோல் முனையில் கறுத்து, ஊறி, உப்பியிருந்தது. ஐந்து நாளாக அந்தோனியாருக்குப் போனதில் பாதி அதற்குப் போயிருந்தது.

வால்திர் காரடிக்குப் போன நேரம் பார்த்து அவள் தன் கைபேசியை எடுத்தாள். "உனக்குக் குடிக்க விருப்பமில்லையா, குடிக்கக் கூடாதா?"

"கூடாது" என்றேன்.

"வீட்டில் தெரியுமா?"

"வீட்டில் சொன்னதால்தான் கூடாது."

அவள் சிரிக்கவில்லை. கிளாஸைக் கழுவி, அதே கிளாஸில் கரும்புச் சாறு ஊற்றித் தந்தாள். தானும் குடிப்பதில்லை என்றாள். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து மணந்து பார்த்தே சரக்கை மதிப்பிடுகிறாளாம். முதலில் வடிவது நஞ்சு, அதைக் கொட்டிவிட வேண்டும். கடைசியில் வடிவது நாற்றம், அதையும் கொட்ட வேண்டும். நடுவில் வருவதுதான் விற்பனைக்கு. தொழில் விளக்கமாகத்தான் சொன்னாள். பிறகு கடதாசி எழுத வால்திரோடு வீட்டுக்குள் போனாள்.

நான் இயந்திரத்தின் ஆணி அளவுகள் எடுப்பதற்காகக் காய்ச்சும் கொட்டிலில் நின்றேன். செப்புக் குழாயிலிருந்து கஷாசா நூல்போல வடிந்துகொண்டிருந்தது. பக்கத்து ஆணியில் ஒரு தகரக் கோப்பை தொங்கியது.

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. ஐந்து நாளாக வற்புறுத்தியவர்களிடமிருந்து தப்பியவன், வற்புறுத்த ஆளில்லாத இடத்தில், கோப்பையை எடுத்துப் பிடித்து ஒரு வாய் குடித்தேன். இளஞ்சூடாக இருந்தது. தொண்டையில் நெருப்பு, பிறகு இனிப்பு, பிறகு கண்ணில் நீர். அருமையாக இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய். என் கை தானாகக் காதுச் சோணைக்குப் போனது. இரண்டாவது முறை கோப்பையைப் பிடிக்கும்போது வெளியே ஒரு மாடு கத்தியது. யாரோ வருகிறார்கள் என்று நினைத்துக் கோப்பையை ஆணியில் மாட்டினேன். மனவுறுதி என்று எதையும் சொல்வதற்கில்லை. மாடு கத்தியது, அவ்வளவுதான். வெட்கம் பிறகுதான் வந்தது, வந்தபிறகு போகவில்லை.

கடைசி நாள் காலை பஸ் நிலையத்தில் வால்திர் பிரியாவிடைக்கு ஒரு கிளாஸ் வாங்கினார். அது புதுக் கடை. நிலம் முழுக்க வெள்ளை மாபிள், சீருடையில் ஒரு பெண் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஊற்ற இடமில்லை. வால்திரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆறு நாள் பக்திமானாக இருந்தவன் பஸ் வெளிக்கிடும் நேரத்தில் கள்ளனாக விரும்பவில்லை. குனிந்து, நாடா கட்டுவதுபோல, முழுக் கிளாஸையும் வலது சப்பாத்துக்குள் ஊற்றினேன்.

"ஆமென்" என்றார் வால்திர். கண் கலங்கியிருந்தார். கட்டிப்பிடித்து, என் முதலாளிக்கென்று ஒரு போத்தலும் தந்தார்.

ஈரக் காலுறையோடு உலகத்தைப் பாதி சுற்றுவது எப்படி இருக்கும் என்று நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. விமானத்தில் பக்கத்து ஆசனத்துக்காரர் இரண்டு தடவை என்னைப் பார்த்தார், மூன்றாவது தடவை பணிப்பெண்ணிடம் கதைத்து இடம் மாறிக்கொண்டார். கட்டுநாயக்கவில் ஓட்டோக்காரர், "ஐயே, ஹொந்தட்ட கஹலா நேத?" என்று சிங்களத்தில் விசாரித்தார். அண்ணன் நன்றாகப் போட்டிருக்கிறாரோ என்று பொருள். மறுப்பது வீண்.

நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அந்தப் போத்தலை வீட்டுக்குள் கொண்டுபோவதாக இல்லை. அலோசியஸ் மூடியைத் திறந்து, விரலை நனைத்து, ஒரு துளியைச் சுண்டி, ஒரு வாய் குடித்தார். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார்.

"யேசுவே, இது நம்ம கசிப்புச் சாராயத்துக்குப் பெரியப்பன்டா" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சினார். "போத்தல் இப்பதானே தொறந்தேன். உன்கிட்ட முன்னாடியே மணம் வந்துச்சே. போட்டியா?"

"இல்லை முதலாளி, சப்பாத்து" என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் இயந்திரம் நல்லது என்று கேட்டதும் மற்றதை மறந்துவிட்டார். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உடுப்புகளை ஒரு சொப்பிங் பையில் திணித்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினேன். குடிகாரன் தோற்றத்துக்கு எந்தக் குறையும் இல்லை.

வத்சலா கதவைத் திறந்தாள். இந்தப் பத்து மாதமும் நான் வீட்டுக்கு வந்தால் முதலில் அவள் மூக்குத்தான் என்னை வரவேற்கும். அன்றும் அப்படியே. கை கதவிலேயே நின்றது.

"உதென்ன மணம்?"

"சப்பாத்து."

"சப்பாத்தோ குடிச்சது?"

"ஓம்" என்றேன்.

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அந்தோனியார், முழங்கால், பிரசவம், மரத்தூள், வெள்ளை மாபிள். அவள் நம்பாமல் குனிந்து வலது சப்பாத்தைக் கழற்றி எடுத்து உள்ளே மணந்து பார்த்து, முகத்தைச் சுளித்தாள். பிறகு சிரித்தாள். சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பத்து மாதமாக நான் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை. அதற்கு எவ்வளவு ஆசையாக இருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"அப்ப எல்லாத்தையும் ஊத்திப்போட்டீங்கள்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

ஓம் என்று சொன்னால் முடிந்தது. சாட்சி ஒரு மாடு மட்டும்தான், அதுவும் பிரேசிலில். ஆனால் அந்தச் சிரிப்புக்குமுன் நின்றுகொண்டு என்னால் சொல்ல முடியவில்லை.

"இல்லை. ஒரு வாய் குடிச்சனான்" என்றேன். "ஒருத்தரும் தரேல்லை. நானாத்தான் எடுத்தனான்."

சிரிப்பு நின்றது. அவள் சப்பாத்தைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் போனாள். கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. நான் ஒற்றைச் சப்பாத்தோடு பின்னால் போய் நின்றேன். கதிரையில் ஏறி நீலப் பெட்டியை இறக்கிக் கட்டிலில் வைத்தாள். எனக்குப் பயமாக இருந்தது. "வத்சலா, நீர்..." என்று தொடங்கினேன். ஜன்னலுக்கு வெளியே தெஹிவளைப் பக்கம் போகிற ரயில் ஒன்று கூவியது.

அவள் பூட்டைத் திறந்தாள். மேலே இருந்த மாம்பழ நிறச் சீலையை எடுத்து உதறினாள். அதை அலமாரிக்குள் கொழுவினாள். பெட்டியைத் திரும்ப மூடிப் பூட்டினாள்.

"பிடியுங்கோ. மேல வையுங்கோ" என்றாள்.

நான் கதிரையில் ஏறினேன். பெட்டி இன்னும் பாரமாகத்தான் இருந்தது.

"மிச்சம்?" என்று கேட்டேன்.

"மிச்சம் கிடக்கட்டும்" என்றாள். "நீங்களும் எல்லாத்தையும் ஊத்தேல்லைத்தானே."